மேல் தேம்ஸில் பைக் மீன் தேடி

பைக் (pike) என்கிற, மற்ற மீன்களை வேட்டையாடித் தின்னும் நன்னீர் மீனைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னால், இங்கிலாந்தில் பலர் ஏரியையோ நீர்த்தேக்கத்தையோ காட்டுவார்கள். மிகப் பெரிய பைக் மீன்கள் அங்கேதான் வளர்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் தொடங்குவதற்கு ஆறுதான் சரி என்பது என் கட்சி. ஏரியில் எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர் ஒரே மாதிரி கிடக்கும், புதிதாக வந்தவருக்கு எங்கே வீசுவதென்றே பிடிபடாது. ஆற்றில் பாதி வேலையை நீரோட்டமே செய்து கொடுத்துவிடுகிறது. குளிர்காலத்தில் ஆறு நிறைந்து ஓடும்போது மீன் நிற்க முடியாத இடங்கள் பளிச்சென்று தெரியும். அவற்றைக் கழித்துவிட்டால் தேட வேண்டிய இடம் கொஞ்சம்தான் மிஞ்சும்.

இதைக் கண்ணால் பார்க்கத்தான் ஜனவரி கடைசியில் நானும் என் நண்பரும் லெச்லேடுக்குப் போனோம். லண்டன் பாடிங்டனிலிருந்து ஸ்விண்டன் வரை ரயில், அங்கிருந்து பஸ். குளோஸ்டர்ஷயர் ஓரத்தில் இருக்கிற சின்ன ஊர். லண்டனில் அகலமாக விரிந்து ஓடும் தேம்ஸ் இங்கே புல்வெளிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. சில இடங்களில் ஒரு நல்ல வீச்சில் தூண்டில் அக்கரை சேர்ந்துவிடும். ஊருக்குள் நுழையும் இடத்தில் ஹேப்பென்னி பாலம். 1792-இல் கட்டியது, நடந்து கடப்பவர்களிடம் அந்தக் காலத்தில் அரை பென்னி வாங்கியதால் இந்தப் பெயர். கொஞ்சம் கீழே செயின்ட் ஜான்ஸ் லாக், தேம்ஸில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகளில் இதுதான் மிக மேலே இருப்பது. அதன் கரையில் தேம்ஸ் தாத்தா சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். 1854-இல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையின் தோட்டத்துக்காகச் செய்த சிலை, பிறகு ஆற்றின் ஊற்றுக்கண் பக்கம் கொண்டுபோய் வைத்து, 1974-இல் இங்கே மாற்றினார்கள்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. இங்கிலாந்தில் 13 வயது ஆன எவரும் தூண்டில் போட அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான என்வயரன்மென்ட் ஏஜென்சியின் ராடு லைசென்ஸ், அதாவது தூண்டில் கோலுக்கான உரிமம், வைத்திருக்க வேண்டும். ஒரு நாளுக்கும் எட்டு நாளுக்கும் ஒரு வருடத்துக்கும் தனித்தனியாக உண்டு, ஆன்லைனிலேயே வாங்கிவிடலாம். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகும். லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் கரையில் மீன்பிடிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அல்லது அந்த கிளப்பிடம் நாள் டிக்கெட்டும் வாங்க வேண்டும். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை முழுத் தடை. ஜூன் 16-இல் திறந்தாலும் பைக் மீனுக்கு அக்டோபர் வரை பொறுப்பதுதான் நல்லது. வெயில் காலத்தில் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. போராடிக் களைத்த பைக் மீன் அந்தத் தண்ணீரில் மீளாமல் போகலாம். பல கிளப்புகள் அக்டோபருக்கு முன் அனுமதிப்பதே இல்லை.

நீர்மட்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதுவும் ஆன்லைனில் கிடைக்கிறது. அப்புறம், தேம்ஸில் படகுக்காரர்களுக்காக லாக்குகளில் பலகை மாட்டுவார்கள்: ஓட்டம் கூடினாலும் குறைந்தாலும் மஞ்சள், பலமாக ஓடினால் சிவப்பு. தூண்டில்காரருக்கும் இது பயன்படும். சிவப்பு இருக்கிற நாளில் கரை வழுக்கும், தண்ணீர் எங்கே முடிந்து புல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அந்த நாளில் வீட்டில் இருப்பது மேல். நாங்கள் போன வாரம் ஆறு வடிந்துகொண்டிருந்தது. பைக் மீனுக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. கலங்கல் தெளியத் தொடங்கி, ராடின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டால் ஒரு அடி ஆழம் வரை தெரிந்தது.

எங்களுக்கு ஒரு வழிகாட்டி ஏற்பாடாகியிருந்தார். இந்த ஆற்றிலேயே வளர்ந்தவர். ராடை எடுக்கவே விடவில்லை. "முதலில் நடப்போம்" என்றார். ஊர்ச் சர்ச்சின் கூர்கோபுரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் பட, வயல் கேட்டுகளைத் திறந்து மூடிக்கொண்டு கரையோரமாக நடந்தோம்.

பைக் மீன் துரத்திப் போய் இரை தேடுவது குறைவு. மறைந்து நின்று பாய்வதுதான் அதன் வழக்கம். முதுகுத் துடுப்பு வாலுக்குப் பக்கத்தில் பின்தள்ளி இருப்பது அந்த ஒரு பாய்ச்சலுக்காகத்தான். குளிரில் அதன் உடம்பும் மந்தமாகிவிடும், ஓட்டத்தை எதிர்த்து நின்று சக்தியை வீணாக்காது. ரோச், டேஸ் மாதிரி சின்ன மீன்களும் வெள்ளத்தில் ஓட்டம் இல்லாத இடத்தில்தான் ஒதுங்கும். ஆக, இரையும் வேட்டைக்காரனும் ஒரே மூலையில் வந்து சேர்கின்றன. அந்த மூலைகளைத்தான் அவர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். வளைவின் உள்பக்கம். விழுந்து கிடக்கும் வில்லோ மரத்தின் கீழ்ப்புறம். வாடிய நாணல் ஓரம். மாடு தண்ணீர் குடிக்க இறங்கி இறங்கிக் கரை உள்வாங்கிய இடம். தடுப்பணைக்குக் கீழே நுரை மெதுவாகச் சுற்றி வருகிற சுழி.

கூடுதுறைகளை மட்டும் நின்று நிதானமாகப் பார்த்தோம். லெச்லேடைச் சுற்றி அவற்றுக்குக் குறைவில்லை. மேலே இங்கிள்ஷமில் கோல்ன் ஆறு வந்து கலக்கிறது. பழைய தேம்ஸ்-செவர்ன் கால்வாயின் வாயும் அங்கேதான். கீழே செயின்ட் ஜான்ஸ் பக்கம் லீச் ஆறு சேர்கிறது. இரண்டு ஓட்டங்கள் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும்: ஒரு பக்கம் சுருக்கென்று இழுக்கும், இன்னொரு பக்கம் எண்ணெய் மாதிரி வழவழவென்று நகரும். வழவழப்பான பக்கத்தில், கோட்டை ஒட்டி வீச வேண்டும். பெரும்பாலும் தூர வீச்சே தேவையில்லை. கரையிலிருந்து ஒரு ராடு நீளத்துக்குள்ளேயே மீன் நிற்கும். அதனால் தடதடவென்று ஓரத்துக்குப் போகக் கூடாது, இரண்டடி பின்னால் நின்றே முதல் வீச்சைப் போட்டுவிட வேண்டும்.

கருவிகளைப் பற்றி நான் வலியுறுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: பணத்தை முதலில் மீனைத் திரும்ப விடுவதற்கான சாமான்களில் போடுங்கள். ராடு சுமாராக இருக்கலாம். இரைக்கு 12 அடி ராடு, பொய்யிரைக்கு 8 அல்லது 9 அடி ராடு, நடுத்தர ரீல், அவ்வளவுதான். தூண்டில் நரம்பு மெல்லியதாக இருக்கக் கூடாது. பின்னல் நரம்பு என்றால் குறைந்தது 30 பவுண்டு எடை தாங்குவதாகப் போடுங்கள். அதன் முனையில் கம்பி ட்ரேஸ், அதாவது நரம்புக்கும் கொக்கிக்கும் நடுவே வரும் கம்பித் துண்டு, கட்டாயம். பைக் மீனின் வாயில் நூற்றுக்கணக்கான பற்கள், மேலண்ணத்தில் இருப்பவை உள்நோக்கிச் சாய்ந்தவை. கம்பி இல்லாவிட்டால் நரம்பு அறுந்து, தூண்டில் முள்ளோடு மீன் போய்விடும். அது அந்த மீனுக்குச் செய்கிற கொடுமை. இறந்த மீனை இரையாகப் போடும்போது ட்ரேஸ் 18 அங்குலமாவது இருக்கட்டும்.

பாக்கிச் சாமான்கள் இவை: 42 அங்குல வாய் கொண்ட, ரப்பர் பூசிய வலை. மீனைக் கிடத்த மெத்தை. முள் எடுக்க ஒரு அடி நீளமுள்ள ஃபோர்செப்ஸ் (இடுக்கி). கொக்கியையே வெட்டிவிடக்கூடிய கட்டிங் பிளேயர். மூன்றுமுள் கொக்கிகளின் எதிர்முள்ளைப் பிளேயரால் நசுக்கித் தட்டையாக்கிவிட வேண்டும். வாயை விரித்துப் பிடிக்கும் பழைய ஸ்பிரிங் கம்பிகளை இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள். அது வாயைக் கிழிக்கும், தொடவே தொடாதீர்கள்.

இரைக்கு உறைந்த கடல் மீன்கள்: மத்தி, கானாங்கெளுத்தி, ஸ்மெல்ட் என்ற சின்ன மீன். ஸ்மெல்ட்டை உடைத்தால் வெள்ளரிக்காய் வாசனை வருவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். கலங்கலில் பைக் மீன் கண்ணைவிட மூக்கை நம்பும், அதனால் இரை கசிந்து மணக்க வேண்டும். உறைந்தபடியே வீசினால் முள்ளிலிருந்து கழன்று பறக்காது. ஈயக்குண்டை அடியில் நிறுத்தி, இரையைத் தரைக்குக் கொஞ்சம் மேலே தொங்கவிட்டு, மேலே தக்கை போட்டோம். ஒரே இடத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் உட்காரவில்லை. நண்பர் அதற்குள் அடுத்த மூலையில் கரண்டி மாதிரியான ஸ்பூன் பொய்யிரையை மெதுவாக, கிட்டத்தட்ட நின்றுவிடும் வேகத்தில் இழுத்துப் பார்ப்பார். ஜனவரித் தண்ணீரில் வேகமாக இழுத்துப் பிரயோஜனமில்லை.

மதியத்துக்கு அப்புறம்தான் தக்கை அசைந்தது. முதலில் ஒரு நடுக்கம், பிறகு ஓட்டத்துக்குக் குறுக்கே நிதானமாக நகரத் தொடங்கியது. ஓட்டத்தோடு போகாமல் குறுக்கே போனால் அது மீன்தான். வழிகாட்டி என் தோளைத் தொட்டு, "இப்பவே" என்றார். இரையை மீன் திருப்பி விழுங்கட்டும் என்று பத்து எண்ணிக் காத்திருக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அப்படிக் காத்திருந்தால் முள் தொண்டைக்குப் போய்விடும், மீன் பிழைப்பது கஷ்டம். தளர்ந்த நரம்பைச் சுற்றி இறுக்கி உடனே இழுக்க வேண்டும். தப்பினால் தப்பட்டும்.

முதலில் கட்டைபோலக் கனத்து வந்தது. வலையைப் பார்த்ததும் கரையோரமாகவே ஒரு பாய்ச்சல், ரீல் கத்தியது. இங்கே இரக்கம் பார்த்து மெதுவாக விளையாடக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் வலைக்குள் வருகிறதோ அவ்வளவு நல்லது. வந்ததும் வலையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு மெத்தையை நனைத்தோம், ஃபோர்செப்ஸைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தோம். அதன் பிறகுதான் தூக்கினோம்.

பக்கத்தில் பார்க்கும்போதுதான் இந்த மீனின் அழகு தெரிகிறது. பாசிப்பச்சை உடம்பில் வெண்மஞ்சள் புள்ளிகள். இந்தப் புள்ளிக் கோலம் ஒவ்வொரு மீனுக்கும் வேறு. படத்தை வைத்து, முன்பு பிடித்து விட்ட அதே மீன்தானா என்று அடையாளம் காண்கிறார்கள். கண்ணிலிருந்து மூக்கு நுனிவரை குறி பார்ப்பதற்கென்றே வெட்டியதுபோல இரண்டு பள்ளங்கள். தாடைக்குக் கீழே வரிசையாகச் சின்னத் துளைகள், தண்ணீரின் அதிர்வை உணர்வதற்கு.

முள் எடுக்கிற முறையை வழிகாட்டி என் கையைப் பிடித்துச் செய்ய வைத்தார். மீனை மெத்தையில் கிடத்தி, இரண்டு பக்கமும் முழங்காலிட்டு உட்கார வேண்டும். செவுள் மூடிக்குக் கீழே விரல்களை நுழைத்து, மூடியின் உள்பக்கத்தை ஒட்டியபடியே முகவாய்வரை நகர்த்த வேண்டும். சிவந்த செவுளையும் அதன் கூரான எலும்பு முட்களையும் விரல் தொடவே கூடாது; தொட்டால் மீனுக்கும் காயம், நமக்கும் ரத்தம். முகவாய்க்கு வந்ததும் மெல்லத் தூக்கினால் வாய் தானாகத் திறக்கும். மூன்றுமுள்ளின் ஒரு முனை தாடை ஓரத்தில் இருந்தது. ஃபோர்செப்ஸால் பிடித்துத் திருப்பியதும் வந்துவிட்டது. எட்டு பவுண்டு இருக்கும் என்றார். பத்துக்கு மேல் போகிறவை பெரும்பாலும் பெண் மீன்கள்தான், ஆண்கள் அந்த எடைக்கு வளர்வது அபூர்வம்.

ஒரு படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் இறக்கினோம். தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, வால் அடியை லேசாகப் பிடித்து நிமிர்த்தி வைத்தேன். செவுள் சீராக மூடித் திறந்தது. அப்புறம் ஒரு உதறல், என் கோட்டெல்லாம் தண்ணீர், மீனைக் காணோம். 65 செ.மீ.க்கு மேற்படாத பைக் மீன் ஒன்றை ஒரு நாளைக்கு ஆற்றிலிருந்து எடுத்துக்கொள்ள இங்கிலாந்துச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் உரிமையாளரின் விதி அதற்கும் இடம் தராமல் இருக்கலாம். பைக் மீன்காரர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே விட்டுவிடுகிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். பெரிய பைக் மீனை எடுத்துவிட்டால் அந்த மூலையில் சின்ன பைக் மீன்கள் பெருகும். பெரியது அவற்றையும் தின்று கணக்கைச் சரியாக வைத்திருந்தது.

நண்பருக்கு ஸ்பூனில் ஒரு ஜாக் கிடைத்தது. சின்ன பைக் மீன்களை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கையளவு வாயால் அவ்வளவு பெரிய ஸ்பூனைக் கவ்வியிருந்தது. ஜனவரியில் நாலரை, ஐந்து மணிக்கே வெளிச்சம் போய்விடும். கடைசி வெளிச்சத்தில் கடி கூடும் என்பார்கள், ஆனால் பஸ் நேரத்தையும் பார்க்க வேண்டும்.

கிளம்பும் முன் வலையையும் மெத்தையையும் பூட்ஸையும் அலசி, வீட்டுக்கு வந்து நன்றாகக் காய வைத்தோம். ஒரு ஆற்றின் ஒட்டுயிர்களும் நோய்களும் ஈரச் சாமானில் அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் முக்கியம், எலிகளின் சிறுநீரால் ஆற்று நீரில் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கலாம். சட்டப்படி மார்ச் 14 வரை மீன் பிடிக்கலாம். ஆனால் பிப்ரவரி முடியும்போது பெண் மீன்கள் முட்டை நிறைந்து கனமாக இருக்கும், எல்லாரும் பெரிய எடைக்காக அந்த நேரத்தில்தான் கரைக்கு ஓடுவார்கள். எங்கள் முடிவு, பிப்ரவரி நடுவோடு நிறுத்திவிட்டு அக்டோபரில் திரும்ப வருவது. அதுவரை நீர் வற்றிய கோடையில் இந்தக் கரையில் ஒருமுறை வெறுங்கையோடு நடக்க வேண்டும். ஆறு தெளிந்து இறங்கியிருக்கும்போது எந்த மூலையில் மடு இருக்கிறது, எந்த மரம் அடியில் கிடக்கிறது என்று பார்த்துக் குறித்துவைத்தால் குளிர்காலத்துக்கு உதவும்.