டார்ட்மூரை வடக்கிலிருந்து தெற்காக: தனி நடை, திறந்தவெளிக் கூடாரம்

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் உள்ள டார்ட்மூர் என்னும் சதுப்பு நிறைந்த மேட்டுப் புல்வெளியை ஓக்ஹாம்ப்டனில் தொடங்கி ஐவிபிரிட்ஜில் முடித்தால் சுமார் 50 கி.மீ. அதிகபட்ச உயரமே ஹை வில்ஹேஸ் குன்றின் 621 மீட்டர்தான். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறியவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இங்கே ஆளைச் சோதிப்பது ஏற்றமல்ல, காலடி நிலம். உறுதியான பாதையில் மணிக்கு 4 கி.மீ. போகிறவர், வடபாதியில் உள்ள கட் ஹில் குன்றின் பக்கம் மொலினியா என்னும் புல் குத்துக்குத்தாக வளர்ந்த இடத்தில் 2 கி.மீ. போனாலே பெரிது. குத்தின் மேல் மிதித்தால் கணுக்கால் பிசகும், இடையில் மிதித்தால் முழங்கால்வரை நீர். அதனால் வடபாதிக்குத் தாராளமாக நேரம் ஒதுக்கி, மொத்தம் 3 நாளாகத் திட்டமிடுவதே சரி.

வடக்கில் முதலில் பார்க்க வேண்டியது ராணுவ அட்டவணை. ஓக்ஹாம்ப்டன், மெரிவேல், வில்ஸ்வர்தி என மூன்று துப்பாக்கிப் பயிற்சிக் களங்கள். ஹை வில்ஹேஸ் முதல் களத்துக்குள் வருகிறது. சுடும் நாட்களை அரசு இணையதளம் முன்கூட்டியே வெளியிடும். களம் ஒவ்வொன்றுக்கும் அட்டவணை தனி, மூன்றையும் பாருங்கள். எல்லையில் சிவப்பு-வெள்ளைக் கம்பங்கள் நிற்கும். பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு இருந்தால் உள்ளே போகக்கூடாது. கொடி இல்லாத நாளிலும் தரையில் கிடக்கும் உலோகத் துண்டு எதையும் தொடாதீர்கள்.

நில உரிமையாளரிடம் கேட்காமல் கூடாரமடிக்கும் உரிமை இங்கிலாந்தில் இங்கு மட்டுமே உண்டு. 1985ஆம் ஆண்டின் டார்ட்மூர் பொதுநிலச் சட்டம் தந்தது அது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த உரிமை இல்லை என்றது. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டில் திரும்பி வந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் டார்ட்மூர் முழுவதும் இதில் அடங்காது. தேசியப் பூங்காவின் வரைபடத்தில் அனுமதித்த பகுதிகள் குறிக்கப்பட்டிருக்கும். சாலையிலிருந்து 100 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், ஒரே இடத்தில் 2 இரவுக்கு மேல் கூடாது, தீ மூட்டவே கூடாது. வெண்கலக் காலக் கல்வட்டங்களுக்குள் கூடாரம் போடுவதும், கூடாரத்தை இருத்த அங்கிருந்து கல் எடுப்பதும் தவறு.

இடம் தேடும்போது ஆடுகள் ஒட்ட மேய்ந்த குட்டைப் புல்லைப் பாருங்கள், பெரும்பாலும் அடியில் தரை கெட்டியாக இருக்கும். பளிச்சென்ற பச்சைப் பாசியும் வெள்ளைப் பஞ்சுத் தலைப் புல்லும் சதுப்பின் அடையாளம். மிதித்தால் பாசிப்பரப்பு முழுவதும் அலையாக ஆடும் இடங்களை உள்ளூர்க்காரர்கள் ஃபெதர்பெட் என்கிறார்கள். சுற்றிப் போய்விடுங்கள். மட்கிய தாவரங்கள் சேர்ந்த ஈரக் கரிமண்ணில் கூடாரத்தின் மெல்லிய கம்பி முளைகள் காற்றில் உருவிக்கொள்ளும். நீளமான, அகலமான முளைகள் தேவை. பெரும்பாலும் தென்மேற்குக் காற்று என்பதால் கூடாரத்தின் தாழ்ந்த முனையை அந்தப் பக்கம் வையுங்கள்.

மூடுபனிதான் தனியாளுக்கு உண்மையான ஆபத்து. வழியின் நடுவே உள்ள பிரின்ஸ்டவுன் ஊரில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மி.மீ. மழை, மேகம் தரையில் இறங்குவது சர்வ சாதாரணம். வடபாதியின் சதுப்புப் பள்ளமான கிரான்மியர் பூலைச் சுற்றி டா, ஈஸ்ட் டார்ட், வெஸ்ட் ஓக்மென்ட் எனப் பல ஆறுகள் பிறக்கின்றன. திசை தெரியாமல் ஒரு நீரோடையைப் பிடித்து இறங்கினால் தெற்கே போக வேண்டியவர் டா ஆற்றோடு வடக்கே போய்ச் சேருவார். ஓடை ஓடும் திசையைத் திசைகாட்டியில் பார்த்த பிறகே அதை நம்புங்கள். 1:25,000 அளவுக் காகித வரைபடம் அவசியம், ஈரத்தில் கைபேசித் திரை விரலுக்குக் கட்டுப்படாது. சிக்னல் பலவீனமான இடத்தில் அவசர உதவி எண்ணான 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஆனால் அதற்குக் கைபேசியை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள். விசிலால் உதவி கேட்பதென்றால் நிமிடத்துக்கு 6 ஊதல், பிறகு ஒரு நிமிட இடைவெளி.

ஓடை தெளிவாகத்தான் இருக்கும். மேலே ஆடு செத்துக் கிடக்கலாம். வடிகட்டுங்கள் அல்லது கொதிக்க வையுங்கள். கோடையில் பெரணிப் புதர் வழியே வந்தால் இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை ஓரமெல்லாம் உண்ணி தேடுங்கள். லைம் நோய் என்னும் பாக்டீரியா தொற்று உண்ணிக் கடியால் வருவது.

பிரின்ஸ்டவுனில் உணவு நிரப்பிக்கொள்ளுங்கள், அதன்பின் ஐவிபிரிட்ஜ் வரை கடை இல்லை. நன்ஸ் கிராஸ் என்னும் பழைய கற்சிலுவையைத் தாண்டிய பிறகு எர்ம் ஆற்றின் தலைப்பகுதி மறுபடியும் சேறு. ரெட்லேக்கின் கூம்பு வடிவக் களிமண் கழிவுமேடு தூரத்திலிருந்தே தெரியும். அங்கே 1932இல் கைவிடப்பட்ட பழைய டிராம் தடம் தெற்கே வளைந்து வளைந்து இறங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்னும் அளவுக்குச் சமதளம். ஐவிபிரிட்ஜ் ரயில் நிலையம் ஊருக்குக் கிழக்கே ஒதுங்கி இருக்கிறது, வண்டிகளும் குறைவு. நேரம் பார்க்காமல் இறங்கியவர்களுக்கு ஊருக்குள் நடந்து பிளிமத் பேருந்தைப் பிடிப்பதே வழி.