'அனுப்பு' பட்டனுக்கு முந்தைய திரை

கிரிப்டோ வாலட் ஆப் ஒன்றுக்குத் திரைகளை வடிவமைப்பது என் வேலை. அதற்கு முன் ஆன்லைன் விற்பனை ஆப்களில் இருந்தேன். பயனர் எங்கேயும் நிற்கக் கூடாது, எவ்வளவு கிளிக்கைக் குறைக்கிறாயோ அவ்வளவு கெட்டிக்காரன் என்பதுதான் அங்கே வேதம். இங்கே வந்ததும் அதில் பாதியைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. பிட்காயினிலோ எத்தீரியத்திலோ ஒரு பரிவர்த்தனை உறுதியாகிவிட்டால் அவ்வளவுதான். தவறாக அனுப்பிவிட்டேன் என்று போய் முறையிட ஓர் அலுவலகம் கிடையாது. அதனால் பயனரை எங்கே ஓட விடுவது, எங்கே நிறுத்துவது என்பதிலேயே எங்கள் நேரத்தில் பெரும்பகுதி போகிறது.

முதல் நிறுத்தம், வாலட்டை மீட்பதற்காக ஆப் தரும் 12 சொற்கள். இவை தொலைந்தால் மாற்றித் தர யாரும் இல்லை. 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருபவை அவை. எந்தச் சொல்லையும் முதல் நான்கு எழுத்துகளை வைத்தே அடையாளம் காணலாம். பழைய வாலட்டை மீட்கும் திரையில் இது பெரிய உதவி. ஆனால் புதியவர் இதைப் பாஸ்வேர்டு என்றே நினைக்கிறார். மறந்தால் மாற்றித் தருவார்கள் என்ற நம்பிக்கை. ஆப்பைத் திறந்ததுமே 'எழுதி வையுங்கள்' என்று சொன்னால் யாரும் எழுதுவதில்லை, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். வாலட்டில் ஒன்றுமே இல்லாதபோது எதற்குப் பயப்பட வேண்டும்? பணம் வாங்குவதற்கான முகவரியை முதல்முறை கேட்கும்போது அந்தச் சொற்களைக் காட்டுவதே சரி என்பது என் கட்சி. உள்ளே பணம் வரப்போகிறது என்று தெரிந்தால் மனிதர் பேனாவைத் தேடுவார்.

அடுத்தது முகவரி. எத்தீரியம் முகவரியில் 42 எழுத்துகள். இடம் போதவில்லை என்று முதல் சிலதையும் கடைசி சிலதையும் காட்டிவிட்டு, நடுவில் புள்ளி வைப்பது பரவலான வழக்கம். மோசடிக்காரர்கள் இந்த வழக்கத்தையே பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியைப் போலவே முனைகள் கொண்ட இன்னொன்றை உருவாக்கி, அதிலிருந்து உங்களுக்குத் துளித் தொகை எதையாவது அனுப்புவார்கள். அது உங்கள் வரலாற்றுப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை அவசரத்தில் அங்கிருந்து காப்பி செய்தால் பணம் அவர்களுக்கு. அட்ரஸ் பாய்சனிங் என்கிறார்கள். தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து எழுதும் முறை (2016இல் வந்த, இஐபி-55 என்ற எத்தீரியம் தரநிலை) இருக்கிறது. ஆனால் இங்கே அது உதவாது, ஏனென்றால் திருடனின் முகவரியும் பிழையில்லாத முகவரிதான். நாங்கள் செய்தது: அனுப்பும் திரையில் முழு முகவரியும், நான்கு நான்கு எழுத்தாகப் பிரித்து. புதிய முகவரி என்றால், 'இவருக்கு நீங்கள் அனுப்புவது இதுதான் முதல் முறை' என்று ஒரு வரி. வரலாற்றுப் பட்டியலில் காப்பி பட்டனையே எடுத்துவிட்டோம்.

காத்திருப்புக்கு அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. பிட்காயினில் பரிவர்த்தனைகள் பிளாக் என்ற தொகுப்புகளாகப் பதிவாகின்றன; ஒரு பிளாக்குக்குச் சராசரியாக 10 நிமிடம். சில நேரம் ஒரு மணி நேரம்கூட இழுக்கும். சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தால் போகவில்லையோ என்று இன்னொரு முறை அனுப்புகிறவர்கள் உண்டு. 'நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்டது, ஆப்பை மூடலாம்' என்று எழுதினால் போதும்.

உண்மையான சண்டை வந்தது டோக்கன் அனுமதித் திரையில். எத்தீரியத்தின் மேல் புழங்கும் மற்ற நாணயங்களை டோக்கன் என்பார்கள். எத்தீரியத்தில் ஒரு செயலி உங்கள் டோக்கனைத் தொட வேண்டுமென்றால், எவ்வளவு வரை எடுக்கலாம் என்று நீங்கள் முதலில் அனுமதிக்க வேண்டும். பல தளங்கள் கேட்பது வரம்பில்லாத அனுமதி: 78 இலக்கம் கொண்ட ஓர் எண். அதைத் திரையில் அப்படியே காட்டினால் யாருக்கும் ஒன்றும் புரியாது, 'சரி' என்று தட்டிவிடுவார்கள். நாங்கள் அந்த இடத்தில் இப்படி எழுதினோம்: 'உங்களிடம் உள்ள இந்த டோக்கன் முழுவதையும், இனி வரப்போவதையும், இந்தத் தளம் உங்களைக் கேட்காமலே எடுக்கலாம்.' கூடவே, இப்போதைய வேலைக்குத் தேவையான தொகையை மட்டும் பெட்டியில் நிரப்பி வைத்தோம்.

இதற்கு விலை உண்டு. அடுத்த முறை மறுபடியும் அனுமதி, மறுபடியும் கேஸ் கட்டணம், அதாவது நெட்வொர்க்குக்குக் கட்டும் தொகை. அந்தத் திரையிலேயே திரும்பிப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்று வளர்ச்சிக் குழு வரைபடத்தோடு வந்தது. அந்த வரியைப் படித்துவிட்டுத் திரும்பியவரை இழப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள், திரை வேலை செய்திருக்கிறது என்றேன். அவர்கள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில், புழங்கிப் பழகியவர்கள் வரம்பைத் தளர்த்திக்கொள்ள செட்டிங்ஸில் ஒரு வழி வைத்தோம். கொஞ்சம் தேடினால்தான் கிடைக்கும். வேண்டுமென்றேதான் அங்கே வைத்தேன்.