அரைபடுவது யார்?

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் ஆங்கில டீச்சர் ஒருநாள் கரும்பலகையில் 'டெய்லி கிரைண்ட்' என்று எழுதினார். நாங்கள் அகராதியைப் புரட்டி, 'அன்றாட வேலை' என்று நோட்டில் குறித்துக்கொண்டோம். டீச்சருக்கு அது போதவில்லை. "அன்றாட வேலைக்குத்தான் ரொட்டீன் என்று ஒரு சொல் இருக்கிறதே, அப்புறம் இது எதற்கு?" என்று கேட்டார்.

வகுப்பே அமைதியாக இருந்தது. ரொட்டீன் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, அதற்குள் 'ரூட்', அதாவது பாதை, இருக்கிறது என்றார். நடந்து நடந்து பழகிய பாதை. அந்தச் சொல்லில் புகாரும் இல்லை, பெருமையும் இல்லை. கிரைண்ட் என்றால் அரைப்பது. "சரி, இதில் அரைபடுவது எது?" ஒருத்தி மாவு என்றாள், இன்னொருத்தி நேரம் என்றாள். "வேலை செய்கிற ஆள்" என்றார் டீச்சர்.

'அரைத்த மாவையே அரைப்பது' என்று தமிழில் சொல்லலாமா என்று நான் கேட்டேன். கூடாது என்றார். அது சொன்னதையே திரும்பச் சொல்பவரைக் குறிப்பது, அதனால் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. டெய்லி கிரைண்டில் பலன் உண்டு. சம்பளம் வரும், வீடு நடக்கும், செய்பவர்தான் தேய்ந்துபோவார். அவரே யோசித்து, "செக்குமாடு என்பது அர்த்தத்தில் பக்கத்தில் வருகிறது" என்றார். எண்ணெய் கிடைக்கிறது, மாடு சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் தந்த விளக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அந்த வாரக் கட்டுரையில் என் அம்மாவின் நாள் முழுவதையும் டெய்லி கிரைண்ட் என்று எழுதியிருந்தேன். டீச்சர் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "அம்மாவைக் கேட்டாயா?" என்று எழுதியிருந்தார். அன்று இரவே கேட்டேன். "சமையலில் எனக்கு அலுப்பே கிடையாது. துணி துவைப்பதுதான் ஆளைக் கொல்கிறது" என்றார் அம்மா. சமையலுக்கு ரொட்டீன், துணிக்கு கிரைண்ட் என்று மாற்றி எழுதினேன். அடுத்தவர் வேலைக்கு நாமாக அலுப்பைப் பூசக் கூடாது என்று அன்று புரிந்தது.

வகுப்பில் தெரியாமல் போன ஒன்றை, வேலைக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டேன். விடுமுறை முடிந்து வந்த சக ஊழியர் "பேக் டு த கிரைண்ட்" என்றார். என்ன கஷ்டமோ என்று கவலையோடு விசாரித்தேன். அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. 'மறுபடியும் ஆரம்பிச்சாச்சு' என்பதுபோல அதைப் பெரும்பாலும் லேசாகத்தான் சொல்கிறார்கள். கேட்பவர் ஆமாம் போட்டால் போதும். ஆனால் வேலைக்கான நேர்முகத்தில் இதைச் சொல்ல வேண்டாம் என்று இளையவர்களிடம் சொல்லிவருகிறேன். சேருவதற்கு முன்பே சலித்துவிட்டதுபோல ஒலிக்கும்.

இப்போது இந்தச் சொல் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. வீடியோ கேமில் புள்ளிகளுக்காக ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதும் கிரைண்ட், விடாமல் உழைப்பதும் கிரைண்ட். தேர்வுக்குப் படிக்கும் என் மகள் "நான் கிரைண்ட் பண்றேன்மா" என்று பெருமையாகச் சொல்கிறாள், நள்ளிரவில், கண்கள் சிவந்திருக்க. டீச்சர் பக்கத்தில் இருந்திருந்தால், அரைபடுவது யார் என்று அவளிடமும் கேட்டிருப்பார்.