காரிடார் தக்காளி
தேக்கா சந்தையில் வாங்கும் தக்காளி பார்க்கத்தான் சிவப்பு, ரசத்தில் போட்டால் சப்பென்று இருக்கிறது. அதனால்தான் பாரம்பரிய ரகங்களைத் தேடிப் போனேன். மகளுக்கு செரோகீ பர்ப்பிள் என்ற பெரிய பழ ரகத்தின்மேல் ஆசை. ஆனால் சிங்கப்பூரில் ராத்திரியிலும் ஏறக்குறைய 25 டிகிரி. அந்தப் புழுக்கத்தில் மகரந்தம் வீணாகி, பூ காம்போடு உதிர்ந்துவிடும். பெரிய பழ ரகங்களுக்கு இது லேசில் ஒத்துவராது. குட்டி ரகங்கள் தாக்குப்பிடிக்கும்.

இப்போது காலை வெயில் படும் காரிடார் தொட்டியில் மஞ்சள் செர்ரி தக்காளி கொத்துக் கொத்தாக! பழைய எலக்ட்ரிக் டூத்பிரஷ்ஷை ஓடவிட்டுப் பூக்காம்பில் வைத்தால், அந்த அதிர்வில் மகரந்தம் பொடியாகக் கொட்டும். எதிர்வீட்டு ஆன்ட்டி பார்த்துச் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

விதை வேண்டுமா? சதையோடு இரண்டு நாள் புளிக்கவிட்டு, வழவழப்புப் போகக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். ஹைப்ரிட் (கலப்பின) ரகம் இல்லை, போட்டால் இதே பழம்தான் காய்க்கும். ஈசூன் பக்கம் இருப்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.