படத்தின் குறையா, பிரதியின் குறையா?

பழைய படங்களும் உலகப் படங்களும் டிவிடி, ப்ளூ-ரே என்று டிஸ்க்கில் வரும்போது அவற்றுக்கு விமர்சனம் எழுதுவது என் வேலை. தியேட்டரில் பார்த்து எழுதுகிறவருக்குப் படம் மட்டும் போதும். நான் படத்தோடு சேர்த்து, என் கைக்கு வந்திருக்கும் பிரதியையும் பார்த்தாக வேண்டும். எது இயக்குநர் செய்தது, எது காலமும் கம்பெனியும் செய்தது என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். இந்த வேலையில் கஷ்டமானதும் எனக்குப் பிடித்ததும் அதுதான்.

சத்யஜித் ராயின் வங்காளப் படமான ‘பதேர் பாஞ்சாலி’யில் ஊர் திரும்பும் ஹரிஹர், மகள் துர்கா இறந்தது தெரியாமல் அவளுக்காக வாங்கி வந்த புடவையை எடுத்துக் கொடுப்பார். அவர் மனைவி சர்பஜயா உடைந்து அழுவாள். அவளுடைய அழுகுரல் நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற தந்தி வாத்தியம் உச்சத்தில் வீறிடும். இரைச்சல் நிறைந்த தேய்ந்த பிரதியில் இதைக் கேட்டால், ஒலித்தடம் கெட்டுவிட்டது என்றுகூடத் தோன்றலாம். நல்ல பிரதியில் சந்தேகமே வராது. ராய் அந்தக் குரலை வேண்டுமென்றேதான் நீக்கியிருக்கிறார்.

1955இல் வெளிவந்த அந்தப் படத்தின் மூல நெகட்டிவ் 1993இல் லண்டன் லேப் ஒன்றில் பற்றிய தீயில் சேதமானது. மிஞ்சியதை ஆஸ்கர் அகாடமியின் காப்பகம் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது. இருபது வருடம் கழித்து, இத்தாலியின் பொலோன்யாவில் காய்ந்து சுருங்கிய அந்தச் சுருள்களுக்கு ஈரப்பதம் ஏற்றி, பிய்ந்த ஓரத் துளைகளைக் கையாலேயே சரிசெய்து ஸ்கேன் செய்தார்கள். அப்படியும் படத்தில் சுமார் 40 சதவீதத்தைத்தான் மூல நெகட்டிவிலிருந்து எடுக்க முடிந்தது. மீதி வேறு பிரதிகளிலிருந்து வந்தது. 2015இல் வந்த ப்ளூ-ரேயில் இடையிடையே கூர்மை கொஞ்சம் குறைந்தால், அதை ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவின் தலையில் கட்டக் கூடாது. இந்த விவரத்தை வாசகருக்குச் சொல்வதும் விமர்சனத்தில் சேர்த்திதான்.

சில வெளியீடுகளில் இதற்கு நேர்மாறான கோளாறு இருக்கும். பிலிமுக்கே உரிய பொடிப்பொடியான புள்ளிகளை, அதாவது கிரெயினை, அழுக்கு என்று நினைத்துக் கணினியில் துடைத்துவிடுவார்கள். கூடவே தோலின் சுருக்கமும் துணியின் இழையும் போய், முகங்கள் மெழுகுப் பொம்மைகளாகிவிடும். டிவியில் பளிச்சென்று தெரிவதால் பலருக்கு இது பிடித்தும் போகிறது. எனக்கு மனசு ஆறுவதில்லை. தீயில் போனதையாவது விபத்து என்று சொல்லலாம், இது தெரிந்தே செய்வது.

பழைய ஐரோப்பிய டிவிடிகளில் வேகமும் மாறும். வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படம் அங்கே 25இல் ஓடும். 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடிந்துவிடும், குரல்களும் சற்றுக் கீச்சென்று கேட்கும். ‘படம் விறுவிறுப்பாகப் போகிறது’ என்று எழுதுவதற்கு முன் டிஸ்க்கின் ஓடும் நேரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நடனக் கலைஞர் உதய் சங்கரின் ‘கல்பனா’ 1948இல் வந்தது. நம் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த படம். ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய அமைப்பின் முயற்சியால் அது மீட்கப்பட்டு, 2012இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. பிறகு டிஸ்க்காகவும் வந்தது. அதில் நடனக் காட்சிகளின் நிழலும் ஒளியும் தனித்தனியாகத் தெரிகின்றன. அதே காலத்துத் தமிழ்ப் படங்கள் பலவற்றை நாம் டிவிக்காக எடுத்த மங்கலான பிரதிகளில் மட்டும் பார்த்துவிட்டு, ‘அந்தக் காலத்து ஒளிப்பதிவு அவ்வளவுதான்’ என்று சொல்லி வருகிறோம். நல்ல பிரதியில் பார்க்காத வரை அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.