அந்தப் பி.எச் கேள்விக்கு என்ன போட்டே?

வேதியியல் தேர்வு முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். முந்தைய தேர்வு முடிந்த அன்று விடைகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தது மறக்கவில்லை. ஆனால் வாசலைத் தாண்டுவதற்குள் நண்பன் தோளைப் பிடித்துவிட்டான்.

“டேய், அந்தப் பி.எச் கேள்விக்கு என்ன போட்டே?”

“எட்டு” என்றேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

கேள்வி இதுதான்: 10⁻⁸ மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலின் பி.எச் மதிப்பு, அதாவது அதன் அமிலத்தன்மையைச் சொல்லும் எண், என்ன? மடக்கை எடுத்துக் குறியை மாற்றினால் எட்டு. பத்து விநாடி வேலை. மூன்று மதிப்பெண்ணுக்கு இவ்வளவு சுலபமாகவா கேட்பார்கள் என்று உள்ளே லேசாக உறுத்தத்தான் செய்தது. சரி, நமக்கு அதிர்ஷ்டம் என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வாசலில் கூடி நின்ற ஆறு பேரில் ஐந்து பேருக்கு எட்டு. ஐந்து பேர் ஒரே எண்ணைச் சொன்னால் வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும், பாருங்கள், அந்த சுகத்தில் இருந்தோம்.

வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒருத்தி, “எனக்கு 6.98 வந்துச்சு” என்றாள்.

“விடு, மூணு மார்க்தானே” என்று நண்பன் அவளுக்கு ஆறுதல் சொல்லவே ஆரம்பித்துவிட்டான். அவள் வாதாடவில்லை. “ஏழுக்குக் கீழதான் அமிலம். எட்டுன்னா அது காரம். அமிலத்துல எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் அது காரமா மாறுமா?” என்று மட்டும் கேட்டாள்.

யாரிடமும் பதில் இல்லை. அவள் வினாத்தாளின் ஓரத்திலேயே எழுதிக் காட்டினாள். தண்ணீரும் தன் பங்குக்கு ஹைட்ரஜன் அயனி தருகிறது. 25 டிகிரி செல்சியஸில் தூய நீரில் அது 10⁻⁷ மோலார். நம் அமிலம் தருவதோ அதில் பத்தில் ஒரு பங்குதான். இரண்டையும் அப்படியே கூட்டினால் 1.1 × 10⁻⁷, பி.எச் 6.96. ஆனால் அமிலம் சேர்ந்ததும் நீர் அயனியாவது கொஞ்சம் குறையும். அதையும் சேர்த்து இருபடிச் சமன்பாடாகப் போட்டால் 1.05 × 10⁻⁷, அதாவது 6.98. ஏழுக்கு நூலிழை கீழே. 0.1 மோலார் அமிலம் என்றால் தண்ணீரைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. வருடம் முழுக்க அந்த மாதிரிக் கணக்காகப் போட்டுப் போட்டு, கரைசலில் தண்ணீர் என்று ஒன்று இருப்பதையே மறந்திருக்கிறோம்.

அதற்குப் பிறகாவது கலைந்து போயிருக்கலாம். போகவில்லை. ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு வந்தோம். “பதினொன்றுக்கு இரண்டாவது.” “இல்லை, நான்காவது.” “போச்சு!” இப்படியே ஏழெட்டுக் கேள்வி போனது. ஒருவன் கிட்டத்தட்ட அழும் நிலைக்கு வந்த பிறகுதான், அவன் கையில் இருந்தது வேறு வரிசை வினாத்தாள் என்று தெரிந்தது. கேள்வி அதேதான், விடைகளின் இடம்தான் மாறியிருந்தது.

பெரிய சண்டை வினைவேகக் கணக்கில் வந்தது. முதல் வகை வினை, அரை வாழ்வுக் காலம், அதாவது பொருள் பாதியாகக் குறைய ஆகும் நேரம், 30 நிமிடம், வேக மாறிலி என்ன? எனக்கு 0.0231. நண்பனுக்கு 3.85 × 10⁻⁴. இருவருமே 0.693-ஐத்தான் அரை வாழ்வுக் காலத்தால் வகுத்திருந்தோம். “கால்குலேட்டரை ஒழுங்கா அழுத்தினியா?” என்று அவன், “நீ பூஜ்யத்தை எண்ணிப் பாரு” என்று நான், குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் என் விடையை அறுபதால் வகுத்துப் பார்த்தோம். நான் நிமிடத்தில் போட்டிருக்கிறேன், அவன் நொடியில். கால் மணி நேரமாக ஒரே விடைக்காகத்தான் கத்தியிருக்கிறோம்!

அலகு என்றதும் எனக்கு அடிவயிற்றில் இன்னொரு பயம் கிளம்பியது. அம்மோனியா உருவாகும் வினைக்கு கிப்ஸ் கட்டிலா ஆற்றல் மாற்றம் கேட்டிருந்தார்கள். என்ட்ரோபி மாற்றத்தை வெப்பநிலையால் பெருக்கி, என்தால்பி மாற்றத்திலிருந்து கழிக்க வேண்டும். என்தால்பி மாற்றம் −92.2 கிலோஜூல். என்ட்ரோபி மாற்றம் −198.7, ஆனால் இது ஜூலில். ஆயிரத்தால் வகுத்துவிட்டுப் போட்டால் 298 கெல்வினில் −33.0 கிலோஜூல். வகுக்க மறந்தால் ஐம்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம், அதுவும் நேர்க்குறியில். நான் வகுத்தேனா? எவ்வளவு யோசித்தும் அந்தப் பக்கமே கண்ணுக்குள் வரவில்லை. மற்றவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். நான் அந்த ஆயிரத்திலேயே நின்றேன். வீட்டில் அடுத்த பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாளும் அதே நினைப்பு.

மின்கலத்தின் மின்னழுத்தம் கேட்ட நெர்ன்ஸ்ட் சமன்பாட்டுக் கணக்கில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. டேனியல் மின்கலம், துத்தநாக அயனி 0.1 மோலார், தாமிர அயனி 0.01 மோலார். “1.07 வோல்ட்” என்று நான்தான் முதலில் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். அவளே ஆமாம் என்ற பிறகு வேறென்ன வேண்டும்?

திருத்திய விடைத்தாள் கைக்கு வந்ததும் நேராக அம்மோனியா பக்கத்தைத்தான் புரட்டினேன். ஆயிரத்தால் வகுத்திருந்தேன், கீழே இரட்டைக் கோடு வேறு போட்டு. முழு மதிப்பெண். பி.எச் கேள்விக்கு எதிர்பார்த்தபடி பூஜ்யம். அப்புறம் மின்கலப் பக்கம். மடக்கைக்குள் தாமிரத்தை மேலேயும் துத்தநாகத்தைக் கீழேயும் எழுதி, 1.13 என்று முடித்திருந்தேன். கையெழுத்து என்னுடையதுதான். சரியான சூத்திரம் தலைக்குள் இருந்திருக்கிறது, வாசலில் நின்று வாய் அதைத்தான் சொல்லியிருக்கிறது. கை மட்டும் வேறு எதையோ எழுதிவிட்டு வந்திருக்கிறது.

இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த அவள் திரும்பி, “மின்கலக் கணக்குல எனக்குப் பயமாவே இருந்துச்சு. நீயும் 1.07ன்னு சொன்னதாலதான் அன்னைக்கு நிம்மதியா வீட்டுக்குப் போனேன்” என்றாள்.

விடைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.