பீரோவுக்குள் கூட்டம்

"அப்பா, பீரோவுக்குள்ள எப்படிக் கூட்டம் போடுவாங்க?"

காலையில் நாளிதழை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள். செய்தி, 'பொலிட்பீரோ கூட்டம் தொடங்கியது.' கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைக் குழுவைச் சொல்கிறார்கள்.

சிரித்துவிட்டு அகராதியை எடுத்தேன்.

பீரோவுக்கு மூலம் பிரெஞ்சுச் சொல் 'ப்யூரோ'. அது முதலில் ஒரு துணி. முரட்டுக் கம்பளித் துணி. கணக்கு எழுதும் மேசைமேல் அதை விரித்தார்கள். கொஞ்ச நாளில் துணியின் பெயர் மேசைக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் மேசை இருந்த அறைக்கு. அப்புறம் அலுவலகத்துக்கு. கடைசியில் அங்கே உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கும்! துணியை யாருக்கும் நினைவில்லை.

18ஆம் நூற்றாண்டில் வின்சென்ட் த கூர்னே என்ற பிரெஞ்சுக்காரர், மேசைகளின் ஆட்சி என்று கிண்டலாக 'ப்யூரோக்ரஸி' என்றார் என்பார்கள். கோப்போடு அலைந்தவர்களுக்குக் கிண்டல் புரியும்.

ஆங்கிலேயருக்கு அது எழுதுமேசை. அமெரிக்கர்களுக்கு இழுப்பறைப் பெட்டி, அவர்களுடைய புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் நடு எழுத்தும் அதுவே. ரஷ்ய மொழி வழியாகப் பொலிட்பீரோ.

நமக்கோ, புடவையும் நகையும் பத்திரமும் வைத்துப் பூட்டுகிற இரும்பு அலமாரி. எனக்கென்னவோ நம் பொருள்தான் பிடித்திருக்கிறது. சுற்றிச் சுற்றித் துணியிடமே வந்துவிட்டதே!

இவ்வளவையும் மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரிப்பா. சாவி யார்கிட்ட இருக்கும்?"